நாலு ஓட்டைக்கும் ஒரே ஆயிலா?

ஜீப் வைத்திருக்கிறவர்களிடம் எஞ்சின் ஆயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த கம்பெனி, எந்த கிரேடு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். அதே ஆளிடம் கியர்பாக்ஸில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டால், "தொண்ணூறு ஆயில்தான், அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எஞ்சினுக்குக் கிடைக்கிற கவனிப்பில் பத்தில் ஒரு பங்குகூட கியர்பாக்ஸுக்குக் கிடைப்பதில்லை. கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

என் மச்சான் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கென்று பழைய ஜிப்ஸி ஒன்று வாங்கியிருக்கிறார். ஐந்து கியர் வண்டி. பாடி நன்றாக இருக்கிறது, எஞ்சினும் பரவாயில்லை. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டால் மட்டும் 'கர்ர்' என்கிறது. போனில் கேட்டார்: "மாப்ளே, அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு வாங்கி எல்லாத்துலயும் ஊத்திடலாமா?" அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தார், பழைய மேஜர், குர்கா வைத்திருக்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். சாதாரண காரில் கியர்பாக்ஸுக்கு ஒரு ஓட்டை, வேலை முடிந்தது. மேனுவல் ஃபோர்வீல் வண்டியில் அப்படி இல்லை. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு தனித்தனிப் பெட்டிகள். நான்குக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி பிளக். உள்ளே இருக்கிற பல்சக்கரங்களும் ஒரே ஜாதி இல்லை. ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஆயில் நல்லது" என்பதல்ல. "எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது" என்பதுதான்.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் கொஞ்சம் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒன்றின் மேல் ஒன்று பெரும்பாலும் உருண்டு போகும். அவற்றோடு பித்தளை வளையங்கள் இருக்கின்றன, சிங்க்ரோ ரிங் என்பது இதுதான். கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது, பல் பல்லில் விழுவதற்கு முன்னால் இந்த வளையம் கியரின் கூம்பு மேல் போய் அழுந்துகிறது. வளையத்தின் உள்பக்கம் முடி மாதிரி மெல்லிய வரிகள் வெட்டியிருப்பார்கள். கூம்பின் மேலிருக்கும் ஆயில் படலத்தை அந்த வரிகள் அறுத்துத் தள்ள, உலோகம் உலோகத்தைக் கவ்வி, இரண்டின் வேகமும் சமமாகும். அதன் பிறகுதான் கியர் விழும். இதெல்லாம் நாம் லீவரை இழுக்கிற அந்தக் கண நேரத்துக்குள் நடந்து முடிகிறது. ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலோ, வளையத்தைக் கவ்வ விடாமல் வழுக்கினாலோ, வேகம் சமமாவதற்குள் பல்லோடு பல் மோதும். மச்சான் கேட்ட 'கர்ர்' அதுதான்.

டிஃபரன்ஷியலுக்குள் கதையே வேறு. நம்ம ஊர் மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்கிற பெரிய சக்கரமும் அதை ஓட்டுகிற பினியனும் ஒரே மட்டத்தில் சந்திப்பதில்லை. பினியன் கிரவுனின் நடுமையத்திலிருந்து விலகி இருக்கும். ஹைப்பாய்டு என்பது இந்த அமைப்பின் பெயர். இதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று நெடுக வழுக்கியும் போகின்றன, அதுவும் பயங்கர அழுத்தத்தில். சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியே போய்விடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்களைப் போடுகிறார்கள். பல் சூடாகும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கும். பல் தேய்வதற்குப் பதில் அந்தப் படலம் தேயும். கிரவுன் ஆயிலைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கிற அந்த நாற்றம் கந்தகத்தின் நாற்றம்.

இந்த இரண்டு தேவைகளுக்கும்தான் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ இரண்டு வகை வைத்திருக்கிறது. ஜிஎல்-4, ஜிஎல்-5. மிதமான வேலைக்கு முதலாவது, ஹைப்பாய்டுக்கு இரண்டாவது. ஜிஎல்-5 ஆயிலில் அந்தக் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். நாலாம் கிளாஸ் பாஸாகி அஞ்சாம் கிளாஸுக்குப் போகிற மாதிரி, ஐந்து என்றால் நாலைவிட உசத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். உசத்தி இல்லை. வேறு வேலைக்கான வேறு ஆயில். இரும்பைக் காப்பாற்றுகிற அதே கந்தகம், சூடு ஏற ஏற, செம்பு கலந்த உலோகங்களை அரிக்கும். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு.

ஆக, கிரவுனில் ஜிஎல்-4 ஊற்றினால் பல் போகும். கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் வளையம் போகும். இரண்டாவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் யாரும் ஆயிலைக் குற்றம் சொல்வதில்லை, "வண்டி பழசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் செம்பைத் தாக்காமல் இருக்கத் தனிச் சேர்மானம் போட்டு வருகிறார்கள். அதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. பளபளவென்று தேய்த்த செம்புத் துண்டைச் சூடான ஆயிலில் சில மணி நேரம் ஊறப்போட்டு, வெளியே எடுத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 4 வரை மார்க் போடுவார்கள். 1ஏ என்றால் செம்பு கிட்டத்தட்ட போட்டபடியே இருக்கிறது, 4 என்றால் கறுத்து அரித்துவிட்டது. ஏஎஸ்டிஎம் டி130 என்று பெயர். கம்பெனிகள் வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் 'காப்பர் ஸ்ட்ரிப்' என்ற வரியில் இந்த எண் இருக்கும். பாட்டிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டையும் போட்டு விற்கிற ஆயில்களை வாங்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வரியையாவது பார்த்துவிட்டு வாங்குங்கள். அரிப்பு இல்லாவிட்டாலும் சிங்க்ரோ கவ்வுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கு அந்தத் தாளில் பதில் கிடைக்காது. என் கருத்து: பித்தளை ரிங் உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு 'இரண்டுக்கும் ஆகும்' ஆயில் வேண்டாம், வெறும் ஜிஎல்-4 எழுதியதே போதும்.

சில பாட்டில்களில், குறிப்பாக லாரிக்கென்று வருகிற டின்களில், ஜிஎல் எண்ணுக்குப் பக்கத்தில் எம்ஐஎல்-எல்-2105டி என்றும் இருக்கும். அமெரிக்க ராணுவத் தரம் அது. 'டி' இருந்தால் அது ஜிஎல்-5 சங்கதி, கியர்பாக்ஸ் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இனி கெட்டித்தன்மை. "தொண்ணூறு" என்றதும் எஞ்சினில் ஊற்றும் நாற்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. எஞ்சின் ஆயில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அதாவது கியர் 90ம் எஞ்சின் 40, 50ம் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்தான்.

முன்னால் வருகிற 75டபிள்யூ, 80டபிள்யூ குளிருக்கானது. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரி வரைக்கும், 75டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும் உறைந்து போகாமல் ஓடும் என்பது கணக்கு. ஊட்டியில் மார்கழியில் உறைபனி விழுந்தாலும் பூஜ்யத்தைச் சுற்றித்தான். அப்படியானால் நமக்கு எதற்கு 75டபிள்யூ? உறைவதற்காக இல்லை, முதல் இரண்டு கிலோமீட்டருக்காக. விடியற்காலை ஐந்து டிகிரியில் 80டபிள்யூ-90 நிறையக் கெட்டியாக இருக்கும், சிங்க்ரோ வரிகளால் அதைச் சட்டென்று அறுக்க முடியாது, இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். 75டபிள்யூ-90 அந்த நேரத்தில் இளக்கமாக இருக்கும். மலையில் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு வீணில்லை. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு 80டபிள்யூ-90 தாராளம்.

85டபிள்யூ-140 பற்றி ஒரு வார்த்தை. பழைய கியர்பாக்ஸ் ஊளையிட்டால் நூற்று நாற்பதை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது பல பட்டறைகளில் வழக்கம். வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு வசதியான வைத்தியம். வாங்கப் போகிறவர்கள், குளிர்ந்த வண்டியில் கியர் மாற்றிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருவோம். இங்கே ஊகத்துக்கே இடமில்லை, வண்டிப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். உள்ளே செயின் ஓடுகிற வகை என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போடும் சிவப்பு ஏடிஎஃப்தான் கேட்கும். அதில் தொண்ணூறை ஊற்றுவது செயினுக்கும் நல்லதில்லை, உள்ளே பம்ப் இருந்தால் அதற்கும் நல்லதில்லை. ஜிப்ஸியில் செயின் கிடையாது, முழுக்கப் பல்சக்கரங்கள். கியர்பாக்ஸோடு ஒட்டாமல் சின்ன ஷாஃப்ட் ஒன்றின் வழியாகத் தனியாகத் தொங்குகிற பெட்டி அது. ஃபோர்வீல் போடாமல் தார் ரோட்டில் ஓட்டும்போதுகூட சக்தி அந்தப் பற்கள் வழியாகத்தான் போகிறது. ஹை ரேஞ்சிலேயே 1.409 மடங்கு குறைத்துத்தான் அனுப்புகிறது, லோ ரேஞ்சில் 2.268. இவ்வளவு வேலைக்கும் அதற்குள் இருக்கும் ஆயில் முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எப்போதாவது ஃபோர்வீல் போடுகிறவர்கள் "அதை நான் யூஸ் பண்றதே இல்லையே" என்று அந்த ஆயிலை விட்டுவிடுவது இதனால்தான் தப்பு.

கியர்பாக்ஸ் என்றாலே ஜிஎல்-4 என்றும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். லேண்ட் ரோவரின் பழைய எல்டி77 மேனுவல் கியர்பாக்ஸ் ஏடிஎஃப்தான் கேட்கும். சுபாரு மேனுவல் வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் குளிக்கின்றன. ஆகவே அங்கே ஜிஎல்-5 கட்டாயம், ரிங்குகளையும் அதைத் தாங்குகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். வழுக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள டிஃபரன்ஷியலில் கிளட்ச் தட்டுகள் இருக்கும் வண்டிகளுக்கு 'எல்எஸ்' குறி போட்ட ஜிஎல்-5 வேண்டும், இல்லையென்றால் திருப்பத்தில் பின்னால் முனகும். புத்தகம் தொலைந்து போயிருந்தால் இணையத்தில் சர்வீஸ் மேனுவல் கிடைக்கும். ஆயில் கடைக்காரரின் நினைவாற்றலை நம்ப வேண்டாம்.

ஆயிலை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் மலை வண்டிக்கு ஒரு எதிரி உண்டு: தண்ணீர். ஏற்றம் ஏறிக் கொதிக்கிற டிஃபரன்ஷியலோடு நேராக ஓடையில் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். அதற்காகத்தான் ஆக்சில் மேல் பிரீதர் என்று ஒரு குட்டி மூடி வைத்திருக்கிறார்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அடைக்காமல் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் பிரீதர் வழியாகவே இழுக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை இழுத்து எஞ்சின் பேக்கு மேலே கட்டிவிடுவது சின்னச் செலவு. புது ஆயிலுக்குக் கொடுக்கிற காசில் சிறு பங்குகூட ஆகாது. ஆனால் ஜீப் வைத்திருப்பவர்களில் லைட் பார் போட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், பிரீதர் ஹோஸ் போட்டவர்களை அல்ல.

ஜிப்ஸியின் முன் டிஃபரன்ஷியல் இதில் தனி ரகம். முன் சக்கரத்தில் ஹப் லாக்கை 'ஃப்ரீ'யில் வைத்திருந்தால் டூவீலில் அது சுற்றாது. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும், உள்ளே போன தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கி இரும்பைத் துருவாக்கிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் கிளப்பும் முன் அடிப் பிளக்கை அரைச் சுற்று இளக்கிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பிறகுதான் வரும். மேல் பிளக் வழியாக விரலை விட்டுப் பார்த்து, ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதன் விலை கிரவுன்-பினியன் விலையில் ஒரு துளி.

மாற்றும்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. வத்தலக்குண்டு பட்டறையில் ஒரு பையன் ஆர்வமாக டிரெயின் பிளக்கில் ஸ்பேனரை மாட்டியபோது, பெரிய மெக்கானிக் உள்ளேயிருந்து கத்தினார்: "தம்பி, மேல் பிளக்கை முதல்ல கழட்டுடா! அது கழலலைன்னா கீழ ஊத்திட்டு எந்த வழியா நிரப்புவ?" இவ்வளவுதான் விஷயம். நிரப்பும் பிளக் வருஷக்கணக்கில் துருப்பிடித்து முனை மழுங்கியிருக்கும். அது கழன்ற பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆயில் சூடான பின் திறந்தால் கசடோடு வடியும். சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் ஓட்டையில் வழிகிற வரை ஊற்றுவதுதான் அளவு. மேட்டில் நிறுத்தி நிரப்பினால் கணக்கு தப்பும்.

வடித்த ஆயிலை உடனே தூக்கிப் போடாதீர்கள், வெயிலில் வைத்துப் பாருங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் சிக்குகிற மாதிரி இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அது ஆயிலுக்குள்ளேயே மிதந்து, தட்டைச் சாய்த்தால் பொன் தூள் மாதிரி மினுங்கும். மச்சான் வண்டியில் அப்படித்தான் மினுங்கியது. கூடவே நல்ல கந்தக நாற்றம். யாரோ கிரவுன் ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. வடித்துவிட்டு ஜிஎல்-4 ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடவிட்டு, ஆயில் அழுக்காக இருந்தால் இன்னொரு முறை மாற்றினால் போதும். ரிங் இன்னும் மிச்சம் இருந்தால் கியர் இளகிவிடும். முழுக்கத் தேய்ந்திருந்தால் எந்த ஆயிலும் அதைத் திருப்பி வளர்க்காது. தேய்ந்த உலோகத்தைச் சரியாக்கும் என்று சின்ன டியூபில் விற்கிற மருந்துகளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

கடைசியில் மச்சானுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு: கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் 75டபிள்யூ-90 ஜிஎல்-4, முன் பின் டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5. கியர்பாக்ஸ் ஏறக்குறைய 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் 0.8. கூட்டினால் 2.1. இரண்டு லிட்டர் வாங்கினால் கடைசியில் ஒரு டீ கிளாஸ் அளவு குறையும், அதற்காக மூன்றாவது பாட்டில் வாங்கியே தீர வேண்டும். டிஃபரன்ஷியல்கள் இரண்டும் சேர்ந்து மூன்றரை லிட்டர் குடிக்கும். அவர் கேட்ட ஐந்து லிட்டர் கேன், வகையிலும் தப்பு, அளவிலும் பற்றாது.

கடையில் ஜிஎல்-4 கேட்டால், "அதைவிட பெஸ்ட் இருக்கு சார்" என்று ஜிஎல்-5ஐ எடுத்து நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இரண்டு நாள் காத்திருந்து வரவழையுங்கள். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றுகிற லூஸ் ஆயிலை வாங்காதீர்கள், அதில் எந்த ஜிஎல் இருக்கிறது என்று அளக்கிறவருக்கே தெரியாது. மூடி சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள்.

வடித்த பழைய ஆயிலைத் தோட்டத்து வேலிக்காலுக்கு அடிக்கவும் வேண்டாம், ஓடையோரம் கொட்டவும் வேண்டாம். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே வத்தலக்குண்டு வரைக்கும் குடிக்கிறார்கள். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், பழைய ஆயில் எடுக்க அங்கே ஆள் வருவார்கள்.